வலக் கன்னத்தில் ஒரு புள்ளி

என் மாமியாரை நான் நேரில் பார்த்ததில்லை. துப்பாக்கியில்தான் பார்த்திருக்கிறேன். மருமகன்கள் சிலர் இதைக் கேட்டுப் பொறாமைப்படக்கூடும். ஆனால் விஷயம் அவர்கள் நினைப்பது போல இல்லை.

என் மனைவி எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே அவள் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். வீட்டிலிருந்த நான்கைந்து போட்டோக்களை அடுத்த வருட வெள்ளம் கொண்டுபோயிற்று. மிச்சம் நின்றது மாமனாரின் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றுதான். கல்யாணமான புதிதில் அவர் அதன் பக்கத் தகட்டில், வேட்டைத் துப்பாக்கிகளில் வழக்கமாக நாயோ வாத்தோ செதுக்கியிருக்கும் இடத்தில், தன் மனைவியின் முகத்தைச் செதுக்கி வாங்கியிருந்தார். செதுக்கியவர் நாயும் வாத்துமே செதுக்கிப் பழகியவர். ஆனாலும் முகம் தத்ரூபமாக வந்திருந்தது. காதோரம் ஒரு முடிச்சுருள், இப்போதுதான் சிரிக்கப்போகிற மாதிரி வாய், கன்னத்தில் ஒரு மச்சம். அந்தத் துப்பாக்கியால் மாமனார் ஆயுளில் ஒரே ஒரு தடவை சுட்டார். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பட்டது. அதற்குப் பிறகு அது சுவரில் மாட்டிய படமாகிவிட்டது.

சின்ன வயதில் என் மனைவி அந்தத் தகட்டை விரலால் தடவித் தடவித்தான் அம்மாவைத் தெரிந்துகொண்டாளாம். அவள் கன்னத்திலும் மச்சம் உண்டு. அதில் எங்களுக்குள் ஒன்பது வருட வழக்கு ஒன்றும் உண்டு. அம்மாவுக்கு அந்தப் பக்கம், எனக்கு இந்தப் பக்கம் என்பாள் அவள். இரண்டும் ஒரே பக்கம்தான் என்பேன் நான். உயிரோடு இருந்தவரை மாமனார் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்க வேண்டுமே என்று நானும் அதற்கு மேல் வாதாடவில்லை.

நான் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவன். சீல்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். உலகத்தில் பாதிப் பேர் மேல் எனக்கு மரியாதை இல்லாமல் போனதற்கு அவர்கள் கேட்டு வாங்கிப்போகும் வாசகங்கள்தான் காரணம். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு சீல் செய்துகொடுத்தால் அந்த ஆபீஸ் அடுத்த பத்து வருடத்துக்கு வேறு சீல் கேட்டு வராது.

அப்படி இருக்கும்போது எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது பழந்துப்பாக்கிச் செதுக்குவேலை ஆவணப் பணியகம். அதன் சட்டம் சுருக்கமானது. பழைய வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அதிலுள்ள செதுக்குவேலை பணியகம் அங்கீகரித்த பதினொரு பாணிகளில் ஒன்றில் அடங்கினால் அது கலைப்பொருள். தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியைப் பிடுங்கிவிட்டுத் திருப்பித் தருவார்கள். அடங்காவிட்டால் அது வெறும் ஆயுதம். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றி உருக்காலைக்கு அனுப்புவார்கள். நுண்சுருள், பெருஞ்சுருள், ரோஜாக்கொத்து, ஓடும் நாய், நிற்கும் நாய், பறக்கும் வாத்து, உட்கார்ந்த வாத்து என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. மாமியார் என்று ஒரு பாணி அதில் இல்லை.

எதற்கும் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். புத்திசாலித்தனமாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் துப்பாக்கியை ஒரு பழைய பருத்திப் புடவையில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"போட்டோவைத் தொட்டா கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். அம்மாவைத் தொட்டா அப்படியா இருக்கும்?" என்றாள்.

ஆட்டோவில் அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பணியகத்தின் வாசலில் ஒரு வெண்கலச் சிலை. குனிந்து உட்கார்ந்த ஒரு செதுக்குக்காரர், உளியை இடது கையில் பிடித்திருந்தார். பணியகத்தின் இயக்குநர் இளவயதில் டாக்டர் பட்டம் வாங்கிய ஆராய்ச்சிக்கு எழுப்பிய சிலை அது. பழைய செதுக்குவேலைகளில் சுருள்கள் பெரும்பாலும் இடப்பக்கமாகவே சுழல்கின்றன. ஆகவே அந்தக் காலத்துச் செதுக்குக்காரர்கள் எல்லாரும் இடக்கைக்காரர்கள் என்பது அந்த ஆராய்ச்சி. நாற்பது வருடமாக யாரும் அதை மறுக்கவில்லை. அதைப் படித்தவர் யாராவது இருந்தால்தானே மறுப்பதற்கு.

உள்ளே இரண்டு மாடிப்படிகள். ஒன்று, சுருள் வலப்பக்கம் சுழலும் வேலைகளைப் பார்க்கும் வலஞ்சுழிப் பிரிவுக்கு, மற்றது இடஞ்சுழிப் பிரிவுக்கு. ஒரு பிரிவுக்காரர் மற்றப் பிரிவின் படியில் ஏறினால் விளக்கம் எழுதித் தர வேண்டும். இரண்டு பிரிவுக்கும் தனித்தனித் தண்ணீர்ப் பானை. அதன் மூடிகளில்கூடச் சுருள் வரைந்திருந்தது.

துப்பாக்கி மாடிக்குப் போகாது. அதுதான் அந்த ஆபீஸின் ஆதார விதி. அதைக் கீழறையில் ஒருவர் வாங்கிக்கொள்வார். இருபத்திரண்டு வருடமாக அதே அறையில், அதே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர். தகட்டின் கீறல்களில் கருப்பு மையைத் தேய்த்து இறக்கி, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்து, ஈரமான மெல்லிய தாளை அதன்மேல் அழுத்தி உரித்தெடுத்தார். தாளில் அழகான அச்சு விழுந்திருந்தது. அந்தத் தாளுக்குப் பெயர் மைப்படி. அது மாடிக்குப் போகும். மாடியிலுள்ளவர்கள் மைப்படியைத்தான் பார்ப்பார்கள், அதைத்தான் விவரிப்பார்கள், அதைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு துப்பாக்கியையும் கண்ணால் பார்த்ததில்லை என்று கீழறைக்காரர் பெருமையாகச் சொன்னார். பாதுகாப்பு அவ்வளவு பலமாம்.

முதல் விசாரணை திங்கட்கிழமை நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வலஞ்சுழிப் பிரிவின் தலைவி, இந்தப் பக்கம் இடஞ்சுழிப் பிரிவின் தலைவர். அவரை எல்லாரும் இடஞ்சுழி சார் என்றார்கள், அந்த அம்மாவை வலஞ்சுழி மேடம். படிவத்தில் பதினொரு கட்டங்கள். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். என் மேல் இருவருக்கும் உண்மையிலேயே இரக்கம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு நேரம் கஷ்டப்பட்டார்கள்.

இடஞ்சுழி சார் பூதக்கண்ணாடியை வைத்து மாமியாரின் மூக்கைப் பார்த்தார்.

"இதை அலகுன்னு எடுத்துக்கலாமா?" என்றார்.

வாத்து என்றால் பறக்கிறதா உட்கார்ந்திருக்கிறதா என்று மேடம் கேட்டார். இறக்கை தெரியாததால் உட்கார்ந்த வாத்து என்று முடிவாயிற்று. டிக் போடப்போகும்போது மேடத்தின் கண்ணில் அந்த மச்சம் பட்டது. வாத்துக்கு மச்சம் கிடையாது. அப்படியென்றால் அது குண்டு பட்ட இடமாக இருக்க வேண்டும். குண்டு பட்ட வாத்து என்று ஒரு பாணி பதினொன்றில் இல்லை. இருவரும் மிகுந்த வருத்தத்தோடு பேனாவை மூடினார்கள். புதன்கிழமை வரச் சொன்னார்கள். லாரி வெள்ளிக்கிழமை என்பதையும் ஞாபகப்படுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பெற்ற தாயை வாத்து என்றார்கள் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? பூசி மெழுகிச் சொல்லி முடித்தேன். அவள் அழவில்லை. சுவரில் துப்பாக்கி இருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாத்துன்னு எழுதட்டும், கோழின்னு எழுதட்டும். நீங்க அம்மாவை வாங்கிட்டு வாங்க" என்றாள்.

புதன்கிழமை அவர்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். முகத்தை விட்டுவிடலாம், காதோரம் ஒரு முடிச்சுருள் இருக்கிறது, ஆகவே இது நுண்சுருள் பாணி, நடுவில் ஒரு பெண் தற்செயலாக இருக்கிறார். எனக்கு அவர்களைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த கேள்வி, சுருள் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பது. மைப்படியில் அது இடப்பக்கமாகச் சுழன்றது. இடஞ்சுழிப் பிரிவோ இந்த மாதம் எடுக்க வேண்டிய கோப்புகளை எல்லாம் எடுத்து முடித்துவிட்டது. மேல்நோக்கிப் பார்த்தால் வலம்போலத்தான் தெரிகிறது என்று சார் தாளைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். வலஞ்சுழி மேடம் தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். இப்படி என் மாமியார் மேசையின் நடுவில் அரை மணி நேரம் இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தார்.

கடைசியில் இடஞ்சுழி சார் மனமிரங்கிக் கோப்பை எடுத்தார். பதிவுக் குறிப்பைச் சத்தமாக வாசித்தார். பெண் உருவம், ஒன்று. முடிச்சுருள், இடஞ்சுழி, ஒன்று. வலக் கன்னத்தில் புள்ளி, ஒன்று.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒன்பது வருடமாக வழக்காடிய மச்சம் அது.

"சார், இடக் கன்னம்" என்றேன்.

அவர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தாளில் மாமியாரின் வலக் கன்னத்தில்தான் மச்சம் இருந்தது. ஒரு நிமிடம் எனக்கே தலை சுற்றியது. பிறகு என் தொழில் என்னைக் காப்பாற்றியது, அல்லது கெடுத்தது.

"இது திருப்பி விழுந்திருக்கு சார். எங்க கடையில ரப்பர்ல எழுத்தைத் திருப்பி வெட்டினாத்தான் தாள்ல நேரா விழும். இங்க இரும்புல நேரா இருக்கறதால தாள்ல திரும்பி விழுந்திருக்கு. மச்சம், சுருள் எல்லாமே."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதை முதலில் உணர்ந்தவர் மேடம்தான். சுவர் முழுக்க அடுக்கியிருந்த கோப்புகளைப் பார்த்தார். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.

"அப்ப எங்க கோப்பெல்லாம் இடஞ்சுழியா? இருபது வருஷமா இடஞ்சுழியைக் கீழா நினைச்சே வேலை பார்த்திருக்கேனே. அது நாங்கதானா?" என்றார்.

கீழறைக்காரரை வரவழைத்தார்கள். அவர் எந்தப் படியில் ஏறுவது என்று தெரியாமல் நின்றதால் வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டதற்கு அவர் அமைதியாகப் பதில் சொன்னார்.

"கீழ இருக்கற வரைக்கும் எல்லாம் நேராத்தான் இருக்கு மேடம். மேல வந்தா எப்படி ஆகுதுன்னு நான் கேக்கறதில்ல. அது என் வேலை இல்ல."

வியாழக்கிழமை முழுவதும் கூட்டம் நடந்தது. நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்கு மேல் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பருமனான, மென்மையாகப் பேசுகிற மனிதர். அவருக்குப் பின்னால் அவருடைய பட்டச் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமலே அவர் என்னை மன்னித்துவிட்டார்.

"தம்பி, ஒரு ஆள் ஒரு தடவை செஞ்சா அது தப்பு. நாப்பது வருஷம் ஒரு ஆபீஸே சேர்ந்து செஞ்சா அதுக்குப் பேரு மரபு" என்றார். "துப்பாக்கியைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்னா ஆவணம் எதுக்கு? ஆவணம் வேண்டாம்னா ஆபீஸ் எதுக்கு? ஆபீஸ் வேண்டாம்னா நான் எதுக்கு? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். பதில் கிடைத்தது. சொல்லவில்லை.

சாயங்காலம் மூன்று தீர்மானங்கள் வந்தன. பதிவுகள் எல்லாம் சரியானவை, பார்க்கும் விதத்தில்தான் கவனக்குறைவு. ஆகவே இனி பணியகத்தின் ஆவணங்கள் அனைத்தையும் கைக்கண்ணாடியில் காட்டியே வாசிக்க வேண்டும், ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடி வழங்கப்படும். இது முதலாவது. வாசலிலுள்ள சிலைக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி ஒன்று நிறுத்தப்படும். அதில் பார்ப்பவர்களுக்குச் செதுக்குக்காரர் வலது கையால் செதுக்குவார். இது இரண்டாவது. மூன்றாவது, எதையும் திருப்பிப் போட்டு யாரும் இனி ஏமாற்றாமல் இருக்கத் திருப்பக் கண்காணிப்புக் குழு என்று ஒன்று. வலஞ்சுழி மேடமும் இடஞ்சுழி சாரும் அதில் சேர்ந்து உட்காருவார்கள். நாற்பது வருடத்தில் அந்த ஆபீஸில் நடந்த முதல் சமாதானம் அதுதான்.

என் மாமியார்? படிவத்தில் டிக் விழாமலே அவர் இன்னும் கீழறையில்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் நான் போனபோது லாரி முற்றத்தில் நின்றது. பத்துப் பன்னிரண்டு துப்பாக்கிகளைக் கட்டாகக் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாயில்லாமல் வளர்ந்தவளிடம் மறுபடியும் அம்மா இல்லை என்று போய்ச் சொல்ல என்னால் முடியாது. இயக்குநர் அறைக்குள் கேட்காமலே நுழைந்துவிட்டேன்.

நான் வந்ததில் அவருக்கும் சந்தோஷம்தான். என்னை அனுப்பிவிட்டால் போதும் என்று அவரும் ராத்திரி முழுக்க யோசித்திருந்தார். அவர் கண்டுபிடித்த நியாயம் இது. கோப்பில் உள்ள பெண்ணுக்கு வலக் கன்னத்தில் புள்ளி. கீழறைத் துப்பாக்கியில் உள்ள பெண்ணுக்கு இடக் கன்னத்தில். ஆகவே இரண்டும் ஒன்றல்ல. ஆகவே கீழறையில் இருப்பது பதிவே ஆகாத பொருள். பதிவாகாத பொருளை உருக்காலைக்கு அனுப்ப விதி இல்லை. வைத்திருக்கவும் விதி இல்லை. உடனே வளாகத்தை விட்டு அப்புறப்படுத்த வேண்டும். ஊசியை மட்டும் பிடுங்கிக்கொள்வார்கள். மற்ற நாலாயிரத்துச் சொச்சத்துக்கும் இதே நியாயம் பொருந்தாதா என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை திறந்ததே போதும்.

ஒரே ஒரு தடங்கல். "பதிவில் இல்லாத பொருள். எடுத்துச் செல்லலாம்" என்று சீல் வைத்தால்தான் வாசலில் விடுவார்கள். பதிவில் இல்லாத பொருள் என்று இதுவரை எதையும் அந்த ஆபீஸ் வெளியே விட்டதில்லை என்பதால் அப்படி ஒரு சீல் அவர்களிடம் இல்லை. ஊரில் சீல் செய்கிறவன் நான் ஒருவன்தான். கடைக்கு ஓடினேன். எழுத்தைக் கோர்த்து, திருப்பி வெட்டி, மரப்பிடியில் ஒட்டி, பசை காயாமலே எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். லாரியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சீல் முதலில் திருப்பக் கண்காணிப்புக் குழுவுக்குப் போனது. அவர்களுக்கு அது முதல் வழக்கு. மேடம் சீலைத் தலைக்கு மேலே தூக்கி அதன் ரப்பரைப் பார்த்தார். சாரிடம் காட்டினார். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இருவர் முகத்திலும் வெற்றி தெரிந்தது.

"எழுத்தெல்லாம் திரும்பியிருக்கு. இதையே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்க. இப்படிப் பண்ணலாமா?" என்று மேடம் கேட்டார்.

அவர்கள் மேசையிலேயே ஐந்தாறு பழைய சீல்கள் கிடந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் போதும். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெளியே லாரியின் என்ஜின் சத்தம் கேட்டது. எனக்கு வேண்டியது மாமியார். அவர்களுக்கு ஞானம் வந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

"மன்னிச்சுக்கோங்க மேடம். அவசரத்துல தப்பாயிடுச்சு" என்றேன்.

மறுபடி ஓடினேன். இருபது வருடத் தொழிலில் முதல் தடவையாக ரப்பரில் எழுத்தை நேராக வெட்டினேன். என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் கடையைப் பூட்டிச் சாவியைப் பிடுங்கியிருப்பார். குழு அதைப் பார்த்துப் பாராட்டி ஒப்புதல் தந்தது. இடஞ்சுழி சார் மையில் ஒற்றி என் அனுமதித் தாளில் ஓங்கிக் குத்தினார். எழுத்துகள் முழுக்கத் திரும்பி விழுந்தன.

அவர் பதற்றப்படவில்லை. புது விதிப்படி சட்டைப்பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்தார். தாளை அதில் காட்டினார். பதிவில் இல்லாத பொருள், எடுத்துச் செல்லலாம் என்று தெளிவாக வாசித்தார். கையெழுத்துப் போட்டார். வாசல் காவலர் தன் கண்ணாடியை எடுத்து வாசித்துவிட்டு எனக்கு வழி விட்டார். லாரி எனக்கு முன்னால் புகை கக்கிக்கொண்டு போயிற்று. புடவை மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் யாரோ குழந்தையைத் தூக்கிப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். மூட்டையைப் பிரித்ததும் தகட்டை விரலால் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தடவினாள். கீறல்களில் கொஞ்சம் மை மிச்சம் இருந்ததால் விரல் கருப்பாயிற்று. அதைத் துடைக்கவில்லை.

பிறகு அனுமதித் தாளை எடுத்தாள். என்ன இது, ஒரு எழுத்தும் புரியவில்லையே என்றாள். கண்ணாடியில் காட்டி வாசிக்க வேண்டும் என்றேன். அவள் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தாளைப் பிடித்தபடி கூடத்துக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். வாசிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். தாளைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தையும், அதன் பக்கத்தில் தோளில் சாய்ந்திருந்த அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு வருடமும் அவள் அம்மாவை இரும்பிலும் தன்னை, இடவலம் திருப்பிக் காட்டும் கண்ணாடியிலும்தான் பார்த்து வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் முழுக்கத் திருப்பி எழுதிப் பிழைக்கிறவனுக்கு வீட்டில் இது தோன்றவே இல்லை.

"ஒரே பக்கம்தாங்க" என்றாள்.

"ஒம்பது வருஷமா அதைத்தானே சொல்றேன்" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மை பட்ட விரலால் தன் மச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்க வாயால சொன்னீங்க. இப்பத்தானே ஆபீஸ்ல இருந்து எழுத்துல வந்திருக்கு" என்றாள்.